'டி.பி மாத்திரை போட்டும் வலி போகலையே!' - முதுகெலும்பில் குடியேறும் பூஞ்சை

போன வாரம் இந்தப் பகுதியில் தூக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். "அடுத்து முதுகுவலி பத்தி எழுதுங்க" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நாற்காலி, தலையணை, உட்காரும் விதம் என்று ஆரம்பித்து இரண்டு பத்தி எழுதியும் விட்டேன். அதற்கு மேல் ஓடவில்லை. எங்கள் வீட்டில் ஒரு முதுகுவலி ஒன்றரை வருடமாக நடக்கிறது. அதை விட்டுவிட்டுத் தலையணையைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

விருதுநகர் பக்கம் இருக்கும் பெரியப்பாவுக்கு போன் போட்டு அனுமதி கேட்டேன். "எழுது தாயி. பேரை மட்டும் போட்றாத. கடைத்தெருவுல ஆளாளுக்குத் துக்கம் விசாரிப்பாக" என்றார்.

பெரியப்பாவுக்கு வயது 61. சர்க்கரை வந்து 18 வருடம். போன வருடம் மாசி மாதம் குடலில் ஓட்டை விழுந்து அவசர ஆபரேஷன் நடந்தது. ஐ.சி.யூ-வில் 14 நாள். கழுத்து நரம்பில் குழாய், மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக். பிழைத்து வந்ததே பெரிது என்று குலசாமிக்குப் பொங்கல் வைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, இடுப்புக்குச் சற்று மேலே வலி. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வந்தபோது நான் ஒரு கைகூப்பும் எமோஜி போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். சித்தி கல் உப்பு ஒத்தடம் சொன்னார். அத்தை ஏதோ எண்ணெய் சொன்னார். "நாள் முச்சூடும் டி.வி முன்னாடி உக்காந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்பது பெரியம்மாவின் தீர்ப்பு.

ஆனால் இந்த வலிக்கு ஒரு குணம் இருந்தது. சாதாரண முதுகுவலி படுத்தால் தணியும். பெரியப்பாவுக்குப் படுத்த பிறகுதான் கூடியது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெரிய காய்ச்சல் எதுவும் இல்லை. சாயங்காலம் லேசாக உடம்பு சுடும், அவ்வளவுதான். எடை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. 'சர்க்கரை ஆளு, இளைக்கத்தான் செய்வாரு' என்று அதற்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

ஆவணியில் எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளும் நடுவில் இருக்கும் டிஸ்க்கும் அரித்திருந்தன; பக்கத்தில் கொஞ்சம் சீழ். 'தொற்று, பெரும்பாலும் காசநோயாக இருக்கலாம்' என்று ரிப்போர்ட். அன்றைக்கே டி.பி மாத்திரைகளை ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த டாக்டரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. உலகத்தில் இருக்கும் டி.பி நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். டி.பி நுரையீரலோடு நிற்பதில்லை. எலும்புக்குப் போனால் அது அதிகம் தேடிப் போகும் இடம் முதுகெலும்புதான். 1779-லேயே பெர்சிவல் பாட் என்ற லண்டன் சர்ஜன், கூன் விழுந்து கால் செயலிழக்கும் இந்த நோயை விவரித்து எழுதினார். இன்றும் 'பாட்ஸ் நோய்' என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். இந்த நோய்க்கு எல்லாருக்கும் பெரிய ஆபரேஷன் தேவையில்லை, பலர் நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று காட்டிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது. சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்து 1999-ல் அந்த முடிவை வெளியிட்டது. இப்படி ஒரு ஊரில், அரித்துப்போன முதுகெலும்பைப் பார்த்ததும் டாக்டருக்கு டி.பி ஞாபகம் வருவது நியாயம்தான். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருக்கலாம். பெரியப்பா அந்த மிச்சம் ஒன்று.

நான்கு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அது மாத்திரையால் வருவது, பயமில்லை என்றார்கள். வலி குறையவில்லை. "மருந்து வேலை செய்ய நாளாகும்" என்று எல்லாரும் தேற்றினோம். மார்கழியில் ஒருநாள் காலை, வலது காலில் இருந்த செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வாசல்வரை நடந்திருக்கிறார். அன்று மத்தியானமே மதுரைக்குக் காரில் கூட்டிப்போனார்கள்.

சதை எடுத்தார்கள், ஆனால்...

'பயாப்ஸி' என்ற வார்த்தையைக் கேட்டாலே நம் வீடுகளில் ஒரு பயம். "குத்தி எடுத்தா பரவிடும்" என்று பெரியம்மா ஒரு நாள் முழுக்கச் சம்மதிக்கவில்லை. தொற்று என்று சந்தேகிக்கும் இடத்தில் ஊசியால் சதை எடுப்பதால் நோய் பரவாது. எந்தக் கிருமி என்று பெயர் சொல்ல அதுதான் வழி. ஒருவழியாகச் சம்மதித்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகில் நீளமான ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். ரிசல்ட்: 'நாள்பட்ட அழற்சி. உறுதியாகச் சொல்ல இயலவில்லை.'

ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. எடுத்த சதை மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஃபார்மலின் வேண்டும். ஆனால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அது ஆகாது. ஃபார்மலினில் விழுந்த நொடியே கிருமி செத்துவிடும். செத்ததை எப்படி வளர்ப்பது? ஒரு டப்பாவில் போட்டது, அவ்வளவுதான் தவறு. அதற்கு அந்த மனுஷன் திரும்பவும் குப்புறப் படுக்க வேண்டியிருந்தது.

அதற்குள் கால் இன்னும் தளர்ந்ததால் ஆபரேஷனே செய்தார்கள். சீழைச் சுத்தம் செய்து, எலும்பைத் தாங்க ஸ்க்ரூ வைத்தார்கள். இந்தத் தடவை சதை தனித்தனி டப்பாக்களில் போனது: ஒன்று மைக்ராஸ்கோப்புக்கு, ஒன்று பாக்டீரியா கல்ச்சருக்கு, ஒன்று டி.பி சோதனைக்கு, ஒன்று பூஞ்சை கல்ச்சருக்கு. டி.பி இல்லை என்று வந்தது. மூன்றாம் நாள் பூஞ்சைத் தட்டில் வெள்ளையாகத் திட்டுகள் முளைத்தன. பெயர், கேண்டிடா டிராபிகாலிஸ்.

கேண்டிடா ஏதோ வெளியூர்க் கிருமி இல்லை. நம் வாயிலும் குடலிலும் தோலிலும் சாதுவாக இருப்பதுதான். குழந்தைகளின் நாக்கில் தயிர் மாதிரி வெள்ளை படியுமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆன்டிபயாடிக் அதிகமாகப் போகும்போது குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் சாகும், கேண்டிடாவுக்கு இடம் கிடைக்கும். குடலில் ஓட்டை விழுந்தாலோ, பெரிய நரம்பில் நாள்கணக்கில் குழாய் இருந்தாலோ ரத்தத்துக்குள் நுழைய வழியும் கிடைக்கும். சர்க்கரை அதிகமாக இருந்தால் எதிர்ப்பும் குறைவு. பெரியப்பாவுக்கு இந்த மூன்றுமே இருந்தன.

ரத்தத்தில் நுழைந்தது ஏன் முதுகெலும்பில் போய்த் தங்க வேண்டும்? வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்கென்று ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு மேலும் கீழும் இருக்கும் முள்ளெலும்புகளின் ஓரத்தில் மெல்லிய குழாய்கள் நிறைய உண்டு. ரத்தம் அங்கே மெதுவாகப் போகும். கிருமி அங்கே ஒதுங்குகிறது, எலும்பை அரித்து டிஸ்க்குக்குள் இறங்குகிறது. பாக்டீரியா என்றால் சில சமயம் கடும் காய்ச்சலோடு ஆர்ப்பாட்டமாக வரும். கேண்டிடா அப்படி இல்லை. ஐ.சி.யூ-வில் இருந்து வீட்டுக்கு வந்து, பொங்கல் வைத்து, எல்லாரும் மறந்த பிறகு, சில சமயம் மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். 'முதுகுவலி எப்போ ஆரம்பிச்சது?' என்று கேட்டவர்கள் உண்டு. 'அதுக்கு முன்னாடி ஆறு மாசத்துல ஆஸ்பத்திரியில படுத்தீங்களா?' என்று மதுரையில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

மதுரை என்றதும் ஒரு விஷயம். பூஞ்சைக்கும் எலும்புக்கும் உள்ள பகையில் அந்த ஊருக்கு ஒரு பழைய இடம் உண்டு. வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்கு முள் குத்திய இடத்தில் பாதம் வீங்கி, துளைகள் விழுந்து, எலும்புவரை அரிக்கும் நோயை 1840-களில் மதுரை மருந்தகத்தில் இருந்த ஆங்கிலேய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதனால் உலகம் முழுக்க அதற்கு 'மதுரா ஃபூட்' என்று பெயர் விழுந்தது. அதற்குப் பூஞ்சைதான் காரணம் என்று பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் எடுத்துச் சொன்னார். (மெடிக்கல் மாணவர்கள் இன்றும் புரட்டும் 'கிரேஸ் அனாடமி' புத்தகத்தின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவர் இவரேதான்.) சில வகைகளுக்கு பாக்டீரியாவும் காரணம் என்பது பிறகு தெரிந்தது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இது பெரும்பாலும் பாதத்தோடு நிற்கும். முதுகில் வந்தால் முள்ளெலும்புவரை போவதும் உண்டு.

வலிக்குப் போட்ட ஊசியே...

முதுகெலும்புப் பூஞ்சையைப் பற்றி டாக்டர்கள் உட்கார்ந்து பேச வைத்த சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. 2012 செப்டம்பரில் டென்னசி மாநிலத்தில் ஒரு நோயாளிக்கு மூளைக்காய்ச்சல். ஆன்டிபயாடிக்குக்கு மசியவில்லை. மூளைத் தண்டுவட நீரைச் சோதித்தால் பூஞ்சை. சில வாரங்களுக்கு முன் அவர் முதுகுவலிக்காக முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார். ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்ல, நூல் பிடித்தாற்போல விவரம் வெளியே வந்தது. மாசசூசெட்ஸில் உள்ள நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்ற நிறுவனம் தயாரித்த மருந்துக் குப்பிகளில் பூஞ்சை இருந்தது. அந்தக் குப்பிகளில் இருந்து ஏறத்தாழ 14,000 பேருக்கு ஊசி போட்டிருந்தார்கள். 20 மாநிலங்களில் 753 பேருக்கு நோய் வந்தது. 64 பேர் இறந்தார்கள்.

அந்தப் பூஞ்சை பெரும்பாலும் எக்ஸெரோஹைலம் ரோஸ்ட்ராட்டம். புல்லிலும் பயிரிலும் நோய் உண்டாக்குவது; அதுவரை மனிதர்களுக்கு இதனால் தொற்று வந்தது மிகமிக அபூர்வம். ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியை மழுங்கடிக்கும் மருந்து. அதோடு சேர்த்து முதுகுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டால் புல் பூஞ்சைகூட வளர்ந்துவிடுகிறது.

எனக்கு இதில் தூக்கம் கெடுத்த பகுதி வேறு. மூளைக்காய்ச்சல் வந்தவர்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்றவர்கள்? மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மருத்துவமனை, அந்த ஊசி போட்டுக்கொண்டு, புதிதாக எந்தத் தொந்தரவும் சொல்லி வராத 172 பேரைத் தானாகவே கூப்பிட்டு எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தது. 36 பேருக்கு ஊசி போட்ட இடத்தில் கோளாறு தெரிந்தது. அவர்கள் ஏற்கெனவே முதுகுவலிக்காரர்கள். பழைய வலிக்குள்ளேயே புது நோய் ஒளிந்துகொண்டால் யாருக்குத்தான் வித்தியாசம் தெரியும்?

இதைப் படித்துவிட்டு, டாக்டர் சொல்லும் முதுகு ஊசிக்குப் பயப்பட வேண்டாம். சுத்தமான மருந்தை, சுத்தமான இடத்தில், பழகிய கை போடும்போது தொற்று வருவது அபூர்வம். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. 'ஒரே நாளில் வலி போகும்' என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் தருகிறார்களே, அந்தப் பொடிக்கு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி குறைவது நிஜம். உள்ளே சர்க்கரை ஏறுவதும், எலும்பு மெலிவதும், கிருமிக்குக் கதவு திறப்பதும் அதைவிட நிஜம். கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை பரவியதற்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரையையும் ஸ்டீராய்டையும்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். கொரோனாவில் இருந்து மீண்ட சிலருக்குப் பிறகு ஆஸ்பெர்ஜிலஸ் என்ற இன்னொரு பூஞ்சை முதுகெலும்பைத் தாக்கியதையும் இந்திய டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் சந்தேகம் மாறும் என்பதும் இதில் இருக்கிறது. அரிசோனா, கலிபோர்னியா பக்கத்து வறண்ட மண்ணில் 'வேலி ஃபீவர்' தரும் பூஞ்சை உண்டு. அதுவும் முதுகெலும்புக்குப் போகும். அங்கே அரித்த எலும்பைப் பார்த்தால் டாக்டருக்கு அந்தப் பூஞ்சை ஞாபகம் வரும். இங்கே டி.பி. நம் ஊரிலேயே தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முதுகு விறைத்துக் குனிய முடியாமல் ஒருவர் வந்தால், எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்று கேட்க வேண்டியிருக்கும். தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமானால் பல் கறையாவதோடு முதுகெலும்பும் இறுகும். அதே விறைப்பு 25 வயதுப் பையனுக்குக் காலையில் அதிகமாக இருந்து, நடக்க நடக்கக் குறைந்தால் அது ஒருவகை வாதம். 70 வயதுப் பாட்டிக்குப் பேருந்து குலுங்கியதில் பளிச்சென்று வலித்தால், எலும்பு மெலிந்து நொறுங்கியிருக்கலாம். எல்லாருமே சொல்வது ஒரே வார்த்தைதான்: "முதுகு வலிக்குது டாக்டர்."

பெரியப்பா கதைக்கு வருகிறேன். பூஞ்சை என்று தெரிந்ததும் டாக்டர்கள் முதலில் செய்தது டி.பி மாத்திரையை நிறுத்தியது. அதில் இருக்கும் ரிஃபாம்பிசின், மற்ற மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி முடுக்கிவிடும். பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோலின் அளவை அது குறைக்கும். வோரிகோனசோல் என்ற மருந்தின் பெரும்பகுதியைக் காலியே செய்துவிடும். 'எதுக்கும் இருக்கட்டும், ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடுவோம்' என்பது இங்கே ஆகாது. முதல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் வழியாக ஒரு மருந்து. பிறகு தினமும் ஃப்ளுகோனசோல் மாத்திரை. ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடம்வரை சாப்பிட வேண்டும் என்றார்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது முதுகெலும்பு டி.பி-க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு அது டி.பி-யேதான். சில டி.பி சோதனைகள் 'இல்லை' என்று வந்தாலும் எலும்பில் டி.பி இருக்கலாம். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத டி.பி-யாக மாறும் ஆபத்து வேறு. டாக்டரிடம் போய்க் கேளுங்கள். சதை எடுத்துப் பார்த்தாயிற்றா? எடுத்ததில் கொஞ்சமாவது ஃபார்மலின் இல்லாமல் கல்ச்சருக்குப் போனதா? பூஞ்சைக்கும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்களா? சில பூஞ்சைகள் மெதுவாக வளர்பவை, வாரக்கணக்கில் தட்டை வைத்திருக்க வேண்டும். இரண்டு, மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் வலியும் எடையும் அப்படியே இருந்தால், 'இன்னும் பொறுப்போம்' என்பதற்கு முன் இந்தக் கேள்விகள் வேண்டும். கால் மரத்தாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எங்கள் வீட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. ஹெல்த் பகுதிக்கு எழுதும் நானும் கேட்கவில்லை. எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டை பெரியம்மா மகன் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். 'பெரும்பாலும்' என்ற வார்த்தையை அப்போதே படித்தேன். தாண்டிப் போய்விட்டேன்.

பெரியப்பா இப்போது வாக்கர் இல்லாமல் தெருமுனை டீக்கடைவரை போய் வருகிறார். வலது பாதத்தில் பாதி மரப்பு இன்னும் போகவில்லை. அது முழுசாகத் திரும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. டீ சர்க்கரை இல்லாமல்தான், அதில் பெரியம்மாவின் காவல் பலமாக இருக்கிறது. கல்ச்சர் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து மஞ்சப்பையில் வைத்திருக்கிறார். எந்த டாக்டரிடம் போனாலும், எதற்குப் போனாலும், முதலில் அதை எடுத்து மேசையில் வைத்துவிடுகிறார். "பல்லு வலிக்குப் போனப்பவும் காட்டுனாரு" என்று பெரியம்மா சிரிக்கிறார். வரும் வியாழக்கிழமை அடுத்த ரத்தப் பரிசோதனை. ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.